எழுதுங் கையை எழுதுதல்

1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்பதை நம் மாணவர் நன்கறிவர். அதே ஆண்டில் ஒல்லாந்தரின் பெருநகராகிய அம்ஸ்ரடாமிலே றெம்பிராண்ட் என்னும் ஓவியரின் வீடு கடனுக்காக விலைப்பட்டதைப் பாடநூல்கள் கூறா. 1639இல் 13,000 கில்டருக்கு அவர் வாங்கிய வீடு அது. 1656இலேயே அவர் கடனிறுக்க வகையற்றவரானார். அவர் தேடிச் சேர்த்த சித்திரங்களும் அரும்பொருள்களும் ஏலத்திற் போயின. அதன் பின்னரும் அவர் தம் உருவை எழுதுவதை விட்டாரல்லர். ஏறத்தாழ 40 தைலவர்ண ஓவியங்களில் அவர் தம்மையே எழுதியுள்ளார். விற்பனைக்காக எழுதினார் என்பாரும், தம்மை ஆராய்வதற்காக எழுதினார் என்பாருமாக அறிஞர் இருதிறப்படுவர். இரண்டும் ஒருவரிடத்தே இருத்தலாகாது என்பதற்கு நியாயம் யாதென எனக்கு விளங்கவில்லை.

தைலவர்ணம் மெல்லவே உலரும். அது வசதியுமாம், 1628இல் எழுதிய ஓவியத்திலே, ஈரம் உலராத வர்ணத்தைத் தூரிகையின் அடிக்காம்பாற் கீறியே தம் சுருண்ட தலைமயிரைக் காட்டியுள்ளார். ஆயின் அதுவே இடருமாம். நாட்கள் பல சென்றபின்னும் அதே ஒளியில், அதே நிலையில், கண்ணாடிமுன் மீண்டும் நிற்றல் வேண்டும்.

இவற்றினும் பெரிய இடர் கையே. முகம் அசையாதிருக்கலாம்; எழுதுங் கை அசையாதிருப்பின் எழுத்து நிகழாது. அன்றியும், கண்ணாடியில் வலம் இடமாகும். இலண்டன் கென்வூட் மாளிகையிலுள்ள, 1665ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஓவியத்தை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தபோது இவ்விடர் வெளிப்பட்டது. கண்ணாடியிற் கண்டவாறே தூரிகையை இடக்கையிலும் வர்ணத்தட்டை வலக்கையிலும் முதலில் அவர் எழுதியிருந்தார். பின்னர் அதன்மேலெழுதித் தட்டை இடக்கைக்கு மாற்றினார். மாற்றியும் அக்கைகள் கைகளாக நிறைவுறவில்லை. விரைந்திழுத்த சில கோடுகளாகவே நின்றுவிட்டன. முகத்தையோ அவர் மாற்றவில்லை. கண்ணாடி காட்டிய முகமே இன்றும் அங்குளது. அம்ஸ்ரடாம் வீதியில் அவரைக் கண்டோர் அம்முகத்தை அவ்வாறு கண்டிலர்.

அவர் இறந்தது 1669இல். அவ்வாண்டில் எழுதிய ஓவியமொன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. அதிலும் கைகள் முதலில் விரிந்திருந்தன. ஒன்று தூரிகையும் பற்றியிருந்தது. தூரிகையை அவரே மறைத்து, இரு கைகளையும் கோத்து எழுதிவிட்டார்.