பழவேற்காடு ஆஸ் புலிகாட்

நமக்கு அது பழவேற்காடு. 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களில் பலியகட்டா என்கிற மாதிரி எழுதினார்கள். ஆங்கிலேயர் வாயில் புலிகாட் ஆச்சு. ஊர் ஒண்ணு, பேர் மூணு. டச்சு ஆவணங்களில் 'பழவேற்காடு' என்று தேடினால் ஒண்ணும் சிக்காது. ஊர் இல்லாததால் அல்ல, கேட்ட பேர் வேறு.

எங்க பொழப்பிலும் இதே கூத்துதான். எஸ்கியூஎல்-லில் 'ஆஸ்' போட்டு ஒரு நெடுவரிசைக்குப் புதுப்பேர் வைக்கிறோம் இல்லையா? ஜாவாவில் அந்தப் பேரைக் கேட்க இரண்டு வழி: கெட்காலம்நேம், கெட்காலம்லேபிள். 2006 டிசம்பரில் ஜாவா 6 உடன் வந்த ஜேடிபிசி 4.0 இதைத் தெளிவாக்கியது: 'ஆஸ்' போட்டு வைத்த பேர் வேண்டுமா, லேபிளைக் கேள். மைஎஸ்கியூஎல் டிரைவர் 5.0-ல் நேம் கேட்டாலும் புதுப்பேரே வரும். 5.1-ல் அசல் பேர் வந்தது.

இது தெரியாமல் டிரைவரை மாற்றினோம். மறுநாள் ரிலீஸ். எங்க டெஸ்ட் டூலில் அத்தனையும் சிவப்பு! விடிய விடிய டேட்டாவைச் சந்தேகப்பட்டேன், பாவம் அது. மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை: நேம் போய் லேபிள்.

கெல்டிரியா இன்று இடிபாடு. பக்கத்து மீனவ ஊருக்குப் பேர் கோட்டைக்குப்பம். அசல் போனாலும் லேபிள் நிக்குது பாருங்க :-)