மீனை விட்டுப் புல்லுக்குப் போன தங்கூசி



எங்கள் மாப்பிள்ளையூரணிப் பக்கம் தங்கூசி தெரியாத ஆளைப் பார்க்க முடியாது. நரம்பு என்றும் சொல்வார்கள். தூண்டிலில் இருக்கும், வலையில் இருக்கும், வீட்டில் ஏதாவது அறுந்தால் கட்டுவதற்கும் அதுதான் கைக்கு வரும். இதே நரம்பு மீனை விட்டுவிட்டுப் புல் வெட்டப் போன கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிற மெஷினைப் பார்த்திருப்பீர்கள். கடையில் பிரஷ் கட்டர் என்பார்கள். அதற்கு இரும்பு பிளேடும் உண்டு. ஆனால் சுவர் ஓரம், வேலி ஓரம், கல் கிடக்கிற இடம் என்றால் பிளேடைக் கழற்றிவிட்டு நைலான் நரம்பைத்தான் மாட்டுவார்கள். அந்த நரம்பின் சரித்திரம்தான் இன்றைக்கு.

முதலில் நைலான். 1935 ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழு இதைக் கண்டுபிடித்தது. 1938 ல் டூத் பிரஷ்ஷின் முள்ளாக முதலில் கடைக்கு வந்தது. அடுத்த வருடமே தூண்டில் நரம்பு. அதே 1938 ல் ஜெர்மனியில் பால் ஷ்லாக் வேறொரு வழியில் நைலான் 6 ஐச் செய்தார். நம் சென்னை மணலியில் 1974 ல் எஸ்.ஆர்.எஃப். கம்பெனி டயருக்கான நைலான் நூல் ஆலையை ஆரம்பித்தது. ஆக நைலானுக்குக் கிடைத்த வேலைகள் மீன், டயர், கயிறு. எல்லாமே அறுந்துவிடக் கூடாத வேலைகள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1971. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். ஜார்ஜ் பாலஸ் என்பவர் எஞ்சினியர் கிடையாது, டான்ஸ் ஸ்கூல் நடத்தியவர்! கார் கழுவும் இடத்தில் நைலான் முட்கள் சுழன்று, பெயிண்ட்டைக் கீறாமல் அழுக்கை மட்டும் எடுப்பதைப் பார்த்தார். வீட்டு மரங்களின் அடியில் முளைக்கும் புல்லை இப்படி எடுத்தால் என்ன என்று தோன்றியது. பாப்கார்ன் டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பைக் கோர்த்து, மோட்டாரில் மாட்டிச் சுற்றினார். புல் பறந்தது, மரம் தப்பித்தது. பல கம்பெனிகளிடம் கொண்டு போனார், யாரும் சீந்தவில்லை. தானே 'வீட் ஈட்டர்' என்ற பெயரில் செய்து விற்றார். 1977 ல் எமர்சன் எலக்ட்ரிக் அந்தக் கம்பெனியையே வாங்கியது.

கூர்மையே இல்லாத நரம்பு எப்படி வெட்டுகிறது? வேகம்தான். மெஷின் தலை நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றுகிறது, நரம்பு 20 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நுனியின் வேகம் மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் வரும். அரிவாளால் அறுக்கும்போது புல்லை ஒரு கையால் பிடிக்க வேண்டும். இங்கே புல் வளைந்து கொடுப்பதற்குள் வெட்டு விழுந்துவிடும். அதே நரம்பு கல்லில் பட்டால் நுனி மட்டும் பிய்ந்து போகும், மெஷினுக்கும் ஆளுக்கும் பெரிய சேதம் வராது.

இங்கேதான் கதையே தலைகீழாகிறது. தூண்டில் நரம்பு அறுந்தால் நஷ்டம். புல் நரம்போ சரியான இடத்தில் அறுந்தால்தான் பாதுகாப்பு! அதற்குப் பிறகு வந்த எல்லா முன்னேற்றமும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான்.

முதல் பிரச்சினை, தேய்ந்த நரம்பை நீட்டுவது. ஆரம்பத்தில் மெஷினை நிறுத்தி, கவிழ்த்து, கையால் இழுக்க வேண்டும். பிறகு தலையைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் உள்ளிருந்து நரம்பு நீளும் முறை வந்தது. இன்று பெரும்பாலும் அதுதான்.

இரண்டாவது, வடிவம். உருண்டை நரம்பு புல்லை வெட்டுவதை விடப் பிய்ப்பதுதான் அதிகம். அதனால் சதுர நரம்பு, நட்சத்திர வடிவ நரம்பு என்று விளிம்பு உள்ளவை வந்தன. வெட்டு சுத்தமாக விழும், ஆனால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும்.

மூன்றாவது, சத்தம். காற்றடிக்கும்போது மின்கம்பி ஊளையிடும் அல்லவா? கம்பிக்குப் பின்னால் காற்று ஒரே தாளத்தில் சுழல்வதால் வரும் சத்தம் அது. சுழலும் நரம்பிலும் அதே கதைதான். நரம்பைக் கயிறு போல முறுக்கிவிட்டால் அந்தத் தாளம் கலைந்து சத்தம் குறைகிறது. முறுக்கு நரம்பு வந்தது இப்படி.

நான்காவது, சூடும் வறட்சியும். நைலான் 6 சுமார் 220 டிகிரியில் உருகிவிடும். உரசல் சூட்டில் சுருளுக்குள்ளேயே நரம்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்காகக் கலப்பு நைலான்களைப் போட்டுப் பார்த்தார்கள். வெயிலில் காய்ந்த நரம்போ மொறுமொறு என்று ஒடியும். காரணம், நைலான் ஈரத்தை உறிஞ்சித்தான் இளக்கமாகிறது. அதனால் பழைய சுருளை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுவது நல்ல வைத்தியம். செலவே இல்லை :-)

காமர்ஸ் மாணவன் இல்லையா, கொஞ்சம் வியாபாரமும் பேசிவிடுகிறேன். மெஷினை ஒரு தடவை விற்கலாம், நரம்பை ஆயுசுக்கும் விற்கலாம். ஷேவிங் ரேசரும் பிளேடும் போல. ஆனால் பிரிண்டர் மை மாதிரி வாங்குகிறவனைக் கட்டிப்போட முடியாது. 2.4 மி.மீ. நரம்பு யார் செய்தாலும், அந்தக் கனத்துக்கான எந்தத் தலையிலும் ஏறும். விதவிதமான வடிவமும் கலரும் வந்ததற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

"நரம்பு அடிக்கடி தேயுதே, பைக் கிளட்ச் வயரைப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தயவு செய்து வேண்டாம்! கம்பித் துண்டு தெறித்தால் தோட்டா மாதிரி. ஐரோப்பாவில் நரம்புக்குப் பதில் இரும்புச் சங்கிலி மாட்டுகிற தலைகள் வந்தன. சங்கிலிக் கண்ணி உடைந்து பறந்ததில் ஓர் உயிரே போனது. 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் அவற்றைச் சந்தையில் விற்கவே தடை போட்டது. தேயாத நரம்பைத் தேடிப் போனால் இதுதான் முடிவு. தேய்வது நரம்பின் குறை இல்லை, அதன் குணம்.

சரி, தேய்ந்த நரம்பு எங்கே போகிறது? யாரும் கேட்காத கேள்வி இதுதான். 2.4 மி.மீ. நரம்பு ஒரு மீட்டர் சுமார் 5 கிராம் இருக்கும். 100 மீட்டர் சுருள் என்றால் அரை கிலோ. கடைசியில் மிஞ்சும் துண்டைத் தவிர மீதி எல்லாம் பொடியாகவும் துணுக்காகவும் மண்ணில்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகை பிளாஸ்டிக்கில் இது கிடையாது. மக்கிப் போகும் என்ற பெயரிலும் நரம்புகள் விற்கிறார்கள். ஆனால் ரசாயனம் சேர்த்துத் துகளாக உதிர வைக்கும் பிளாஸ்டிக்கை 2021 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தடுத்துவிட்டது. உதிர்வது வேறு, மக்குவது வேறு!

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. தூத்துக்குடி வாசலிலேயே மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1986 ல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள். மழைத் தண்ணீர் ஓடையில் இறங்கினால் போய்ச் சேருமிடம் அந்தக் கடல்தான். அறுந்த வலையால் ஏற்கெனவே அவதிப்படும் கடலுக்கு, புல் வெட்டிய நரம்பையும் நாம் அனுப்ப வேண்டுமா?

மெஷினே கூடாது என்று நான் சொல்லவில்லை. குனிந்து களை வெட்டியவர்களின் முதுகுக்குத் தெரியும் அதன் அருமை. கல் இல்லாத திறந்த இடத்தில் பிளேடு போதும். நரம்பை ஓரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சின்ன வேப்பங்கன்று பக்கம் கையாலேயே பிடுங்கிவிடுங்கள், நரம்பு சுற்றிலும் பட்டையை உரித்தால் கன்று பட்டுப்போகும்.

வடிவம், சத்தம், சூடு என்று ஒவ்வொன்றையும் தீர்த்துக்கொண்டே வந்தவர்கள், விழுந்த துணுக்குக்கு இன்னும் நல்ல வழி சொல்லவில்லை. கல்லில் பட்டால் அறுந்து, மண்ணில் விழுந்தால் நிஜமாகவே மக்குகிற நரம்பை மலிவாகச் செய்கிறவர்தான் அடுத்த ஜார்ஜ் பாலஸ். அது நம் ஊர்ப் பையனாகவோ பெண்ணாகவோ இருக்கக் கூடாதா என்ன?