மருதம்பட்டையும் திருமுக்கூடல் ஆதுலர் சாலையும்

பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடும் இடத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் இருக்கிறது. அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், சுமார் 1068ஆம் ஆண்டில் வீரராசேந்திர சோழன் பொறித்த கல்வெட்டு உள்ளது. கோயிலோடு இயங்கிய கல்விச்சாலை மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் 15 படுக்கைகளோடு ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இருந்ததை அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், மூலிகை கொண்டுவரும் ஆட்கள் என்று எல்லோருக்கும் சம்பளம் உண்டு. இருப்பில் வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பெயர்களும் உண்டு.

அதில் ஒன்று தசமூல அரீதகி. பத்து வேர்களோடு கடுக்காய் சேர்ந்தது. பத்தில் வில்வம், பாதிரி, குமிழ் உட்பட ஐந்து மரங்கள்; அவற்றின் வேர்ப்பட்டையே முறையான சரக்கு. வேரைத் தோண்டினால் மரம் பட்டுப்போகும். அதனால் இன்று அடிமரப் பட்டையே பெரும்பாலும் விற்பனைக்கு வருகிறது.

அன்று பட்டை மருந்து மருத்துவரின் கையிலிருந்து நோயாளிக்குப் போனது. இன்று வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து நாமே வாங்கிக் காய்ச்சுகிறோம். ஜும்ஆ முடிந்ததும் பெரியவர்கள் கேட்பது பெரும்பாலும் மருதம்பட்டையைப் பற்றித்தான்: “ஹஜ்ரத், இதைக் குடித்தால் இதய மாத்திரையை விட்டுவிடலாமா?”

விடக்கூடாது. மருதம்பட்டை வெறும் கட்டுக்கதை அல்ல. வாக்படரின் ஆயுர்வேத நூலிலேயே இதய நோய்க்குச் சொல்லப்பட்டது. 2002இல் வெளியான இந்தூர் ஆய்வில், நெஞ்சுவலி உள்ள 58 பேருக்கு அதன் சத்து கொடுத்தபோது வலி குறைந்தது. ஆனால் கொடுத்தது ஒரு வாரம்தான். 2016இல் வெளியான டெல்லி எய்ம்ஸ் ஆய்வில், இதயம் பலவீனமானவர்களுக்கு வழக்கமான மருந்துகளோடு 12 வாரம் கொடுத்தும் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் கூடவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டையை மட்டும் குடிக்க இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

அளவும் முக்கியம். மலேரியாவுக்குச் சின்கோனா பட்டையை இடித்துக் கொடுத்த காலத்தில் ஒவ்வொரு பட்டையிலும் சத்து ஒவ்வொரு மாதிரி இருந்தது. 1820இல் குயினைனைப் பிரித்தெடுத்த பிறகுதான் அளந்து கொடுக்க முடிந்தது. நம் அடுப்பில் கொதிக்கும் கஷாயத்தில் எவ்வளவு சத்து இறங்கியது என்று யார் அளக்கிறார்கள்?

சரக்கே மாறிப்போவதும் உண்டு. பெண்களின் அதிக உதிரப்போக்குக்கு வாங்கும் அசோகப்பட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலந்து விற்பது மருந்துச் சரக்கு ஆய்வாளர்கள் பலமுறை கண்டுபிடித்த கலப்படம். பொடியாக வாங்கினால் கண்ணால் வித்தியாசம் தெரியாது.

பட்டை மருந்துதான் வேண்டும் என்பவர்கள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு முறையாகப் படித்த சித்த அல்லது யூனானி மருத்துவரிடம் போகட்டும். சென்னை அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவமனையில் இரு பிரிவும் இருக்கின்றன.