மலட்டுச் செடியின் மதிப்பு: ஹெல்லெபோர் கலப்பினங்களின் வரலாறு

ஐரோப்பியத் தோட்டங்களில் மார்கழி, தைக் குளிரிலும் பூக்கும் மிகச் சில செடிகளுள் ஹெல்லெபோர் ஒன்று. கருஞ்சீரகம் இடம்பெற்றுள்ள ரனன்குலேசி குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினத்தில் ஏறத்தாழ 20 சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பால்கன் தீபகற்பத்து மலைச்சரிவுகளில் வளர, ஒன்று மட்டும் பிரிந்து சீனாவின் மேற்குப் பகுதியில் வாழ்கிறது. தமிழ் மருத்துவ நூல்கள் கூறும் கடுகுரோகிணியை 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்கள் சில இச்செடியாகவே கொண்டன என்றாலும், கடுகுரோகிணி இமயமலையில் வளரும் வேறு குடும்பத்துச் செடி என்பதால் அந்த அடையாளம் பொருந்தாது.

இச்செடியின் கலப்பின வரலாற்றைப் புரிந்துகொள்ள அதன் பூவின் அமைப்பை அறிவது இன்றியமையாதது. கண்ணைக் கவரும் ஐந்து வண்ண இதழ்களும் உண்மையில் அல்லிதழ்கள் அல்ல. மொட்டை மூடிக் காக்கும் புறவட்டத்தைச் சேர்ந்த புல்லிதழ்களே அவை. அல்லிதழ்களோ சுருங்கிச் சிறு குழல்களாகி, தேன் சுரக்கும் உறுப்புகளாக மாறியுள்ளன. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் இக்குழல்களும் மகரந்தத் தாள்களும் உதிர்ந்துவிட, புல்லிதழ்கள் மட்டும் உதிராமல் நின்று மெல்லப் பச்சையாகி, விதை முற்றும்வரை உணவு தயாரிக்கவும் உதவுகின்றன. பிற பூக்கள் சில நாட்களில் வாடிவிடும்போது ஹெல்லெபோர் பூ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்பதற்கு இதுவே காரணம். காட்டுச் சிற்றினங்கள் பலவற்றில் பூ தலைகவிழ்ந்தே தொங்கும். மழையும் பனியும் மகரந்தத்தை நனைக்காமல் காக்கும் இவ்வமைப்பு செடிக்கு நன்மையே. பூவின் உட்புறத்தைக் காணக் குனிந்து நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்த தோட்டக்காரருக்கோ அது குறையாகவே பட்டது. அந்தக் குறையை நீக்கும் முயற்சியே கலப்பின வரலாற்றின் ஒரு பாதி எனலாம்.

பழங்காலத்தில் இச்செடி அழகுக்காக அன்றி நஞ்சுக்காகவே அறியப்பட்டது. கிரேக்கத்தின் அன்டிகிரா நகரம் பித்தத்துக்கும் மனநோய்க்கும் மருந்தெனக் கருதப்பட்ட ஹெல்லெபோர் வேருக்குப் பெயர்பெற்றிருந்தது. கிர்ரா நகர முற்றுகையின்போது குடிநீரில் இவ்வேரைக் கலந்து காவலரை வயிற்றுப்போக்கால் வீழ்த்தியதாகப் பண்டைய கிரேக்கப் பயண நூலாசிரியர் பாசேனியஸ் எழுதியுள்ளார். பண்டையோர் இப்பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைக் குறித்தனர் என்பதால் இச்செய்திகளை ஓரளவு எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும்.

தோட்டச் செடியாக இதன் வளர்ச்சி இரு வழிகளில் நடந்தது. மத்திய ஐரோப்பிய மலைகளில் வளரும் ஹெல்லெபோரஸ் நைகர், கறுத்த வேரும் வெண்ணிறப் பூவும் கொண்டது. கிறிஸ்துமஸ் ரோஜா என்னும் வழக்குப் பெயருடையது. துருக்கியிலும் காக்கேசிய நாடுகளிலும் வளரும் ஹெல்லெபோரஸ் ஓரியண்டாலிஸ், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பூப்பதால் தவக்கால ரோஜா எனப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் காக்கேசியச் செடிகள் ஜெர்மனியை அடைந்தபின், அங்கும் தொடர்ந்து இங்கிலாந்திலும் தோட்டக்காரர்கள் ஓரியண்டாலிஸை அதன் நெருங்கிய உறவுச் செடிகளுடன் கலக்கத் தொடங்கினர். இவை யாவும் தண்டில்லாத வகை. அதாவது இலையும் பூங்காம்பும் மண்ணுக்கடியில் கிடைமட்டமாகப் படரும் மட்டநிலத்தண்டிலிருந்து தனித்தனியே எழுபவை. இவ்வகைச் செடிகள் தமக்குள் எளிதில் கலந்து, விதைக்கும் சந்ததியையும் தந்தன. தேனீக்களே கலப்பு வேலையில் பாதியைச் செய்துவிட்டன. இப்பெருங்கலவைக்குத் தாவரவியலார் இன்று ஹெல்லெபோரஸ் ஹைப்ரிடஸ் என்று பெயரிட்டுள்ளனர்.

20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்தின் சில சிறு நர்சரிகள் இவ்வேலையைத் திட்டமிட்ட தொழிலாக மாற்றின. வூஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஹெலன் பல்லார்டு (இறப்பு 1995) வட்டமான வடிவம், ஏறத்தாழக் கறுப்பான ஊதா, தெளிந்த மஞ்சள் ஆகிய பண்புகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார். கெண்டில் நர்சரி நடத்திய எலிசபெத் ஸ்ட்ராங்மன் 1971-இல் மாண்டினீக்ரோ மலைப்பகுதியில் இரட்டை அடுக்குப் பூவுடைய காட்டுச் செடிகள் இரண்டைக் கண்டெடுத்தார். தேன்குழல்கள் இதழ்களாக மாறியிருந்த அச்செடிகள் பிற்கால அடுக்குப் பூ வகைகள் பலவற்றுக்கு மூலமாயின. ஹெல்லெபோர் வரலாற்றில் பயிற்சி பெற்ற கண்ணின் பங்கு ஆய்வுக்கூடத்தின் பங்கைவிடக் குறைந்ததல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

அந்நாளைய வேலைமுறை எளியது, ஆனால் பொறுமை வேண்டுவது. ஹெல்லெபோர் பூவில் மகரந்தம் உதிர்வதற்கு முன்பே சூல்முடி ஏற்புடையதாகிவிடும். எனவே விரியும் தறுவாயில் உள்ள மொட்டைத் திறந்து, மகரந்தப் பைகளை நீக்கி, தேர்ந்த செடியின் மகரந்தத்தைத் தடவிவிட்டால் போதும். கோடையின் தொடக்கத்தில் விதை முற்றும். புதிதாகவே விதைத்தால் வெப்பமும் பின் குளிரும் அடுத்தடுத்துப் பெற்று அது அந்தக் குளிர்காலத்திலேயே முளைக்கும். பூவைக் காண மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். சிறந்த செடி கிடைத்தபின்பே உண்மையான சிக்கல் தொடங்கியது. விதையிலிருந்து அதே செடியைப் பெற முடியாது. வேர்க்கட்டைப் பிரித்து நடுவதே ஒரே வழி, அதுவோ மிக மெதுவானது. பெயரிட்ட வகை ஒன்றைச் சில டஜன் செடிகளாகப் பெருக்கவே பல ஆண்டுகள் தேவைப்பட்டதால் விலை ஏறியது. அதன் விதைக் கன்றுகளைத் தாயின் பெயரிலேயே விற்கும் வழக்கமும் புகுந்து பெயர்களின் நம்பகத்தன்மையைக் குலைத்தது. இதனால் மேற்கு மிட்லண்ட்ஸின் ஆஷ்வுட் நர்சரி போன்றவை, தனிச் செடிகளுக்குப் பெயர் சூட்டுவதைக் குறைத்து, கையால் கலந்து எடுத்த விதைக் கன்றுகளை நிற வரிசைகளாக விற்கும் முறையைக் கைக்கொண்டன. அது நேர்மையான தீர்வு.

இதற்கு இணையாக ஓடிய மற்றொரு இழை நைகரைச் சார்ந்தது. வெண்ணிறமும் பெரிய பூவும் முன்பூப்பும் கொண்ட நைகர், தவக்கால ரோஜாக்களுடன் கலக்க மறுத்தாலும், தண்டுள்ள வகைகளுடன் கலந்தது. 1931-இல் ஹியர்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்டூக் என்பவர் கார்சிகாவின் ஆர்குட்டிஃபோலியஸ் என்னும் சிற்றினத்துடன் நைகரைக் கலந்து நைகர்கோர்ஸ் கலப்பினத்தை உருவாக்கினார். கார்சிகச் செடியும் மஜோர்காத் தீவின் லிவிடஸும் கலந்த கலப்பினத்துக்குச் சசெக்ஸ் தோட்டக்கலைஞர் சர் ஃபிரெடரிக் ஸ்டெர்னின் பெயரால் ஸ்டெர்னி என்று பெயர். அந்த ஸ்டெர்னியை நைகருடன் கலந்த எரிக் ஸ்மித்தின் முயற்சியில் பிறந்தது எரிக்ஸ்மித்தி. மூன்று சிற்றினங்களின் பண்புகளும் இக்கலப்பினத்தில் தெளிவாகத் தெரிகின்றன: பெரிய வெண்பூவை நைகரும், உறுதியான செடியமைப்பைக் கார்சிகச் செடியும், இலையின் வெள்ளி நரம்புகளையும் பூவின் பின்புற இளஞ்சிவப்பையும் குளிர் தாங்காத லிவிடஸும் கொடுத்துள்ளன. பூ தலைகவிழாமல் வெளிநோக்கி நிற்பது இதன் தனிச்சிறப்பு.

ஆனால் இவை பெரும்பாலும் மலடுகள். ஹெல்லெபோர் சிற்றினங்கள் அனைத்திலும் குரோமோசோம் எண்ணிக்கை 32-ஆகவே இருந்தாலும், தொலைவான இரு மரபுகளின் குரோமோசோம்கள் இனச்செல் உருவாகும்போது சரியாக இணைசேராமையால் விதை பிடிப்பதில்லை. கோவேறு கழுதையின் நிலையும் இதுவே. விதையை நம்பிய பழைய தொழிலுக்கு இத்தகைய செடி பயனற்றது. எனவே நைகர்கோர்ஸ் நெடுங்காலம் ஆர்வலர் தோட்டங்களைத் தாண்டவில்லை.

இந்நிலையை மாற்றியது திசு வளர்ப்பு. செடியின் நுனிமொட்டிலிருந்து எடுத்த சிறு துண்டை, ஊட்டமும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த ஊடகத்தில், நுண்ணுயிர் அற்ற குடுவையில் வைத்துப் பெருக்கும் முறை இது. வளர்நுனி மண்ணுக்கடியில் பாக்டீரியாக்களுடன் கலந்திருப்பதால் ஹெல்லெபோரைத் தூய்மைப்படுத்துவதும், பின்பு குடுவைக் கன்றுகளை வேரூன்றச் செய்வதும் எளிதாக இல்லை. இத்தடைகள் விலகியதும் மலட்டுத்தன்மையே விற்பனைச் சிறப்பாயிற்று: விதை உருவாக்கச் சக்தி செலவாகாததால் பூக்கள் தொடர்ந்து வருகின்றன; தானாக விதை விழுந்து வகை கலங்குவதில்லை. ஜெர்மனியின் கிளாண்டார்ஃப் ஊரைச் சேர்ந்த ஹோய்கர் நிறுவனம் இவ்வழியில் ஒரே வடிவான செடிகளைப் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இயலாதது என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட நைகர், ஹைப்ரிடஸ் கலப்பும் கைகூடி, சசெக்ஸில் டேவிட் டிரிஸ்ட்ராம் உருவாக்கிய ‘வால்பர்ட்டன்ஸ் ரோஸ்மேரி’ வெளிவந்தது. நைகரின் முன்பூப்பும் தவக்கால ரோஜாவின் இளஞ்சிவப்பும் ஒருங்கே கொண்ட அதன் பூக்கள் மேல்நோக்கி நிற்பவை. டெவனில் ராட்னி டேவி வளர்த்த ‘பென்னிஸ் பிங்க்’, ‘அன்னாஸ் ரெட்’ ஆகியவற்றில் பூவுக்கு இணையாக இலையும் மதிப்புப் பெற்றது. இளஞ்சிவப்புப் பளிங்குக் கோடுகளுடன் வெளிவரும் தளிர், முதிரும்போது வெளிர்பச்சைக் கோடுகளுடையதாகிறது. ஆஷ்வுட் நர்சரி இன்னும் துணிந்து, கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும் துருக்கியின் வெசிக்காரியஸுடனும் சீனத்துத் திபெத்தானஸுடனும் நைகரைக் கலந்து முறையே ‘பிரையர் ரோஸ்’, ‘பிங்க் ஐஸ்’ ஆகியவற்றைப் பெற்றது.

இப்புதிய முறையை முழுமையான முன்னேற்றம் என்று கூறிவிட முடியாது. ஒரே செடியின் ஆயிரக்கணக்கான நகல்கள் கடைகளை நிரப்பும்போது, கன்றுக்குக் கன்று வேறுபட்ட பூவைக் காணும் வாய்ப்பு குறைகிறது. இலையில் கரும்புள்ளிகளும் கோடுகளும் தோன்றிச் செடியைக் குன்றச் செய்யும் ‘கறுப்பு மரணம்’ என்னும் வைரஸ் நோய்க்கும் மருந்து இல்லை. தாக்கப்பட்ட செடியைப் பிடுங்கி அழிப்பதே வழி. இவற்றினும் முதன்மையானது வேறொன்று: விதையாத கலப்பினத்திலிருந்து அடுத்த தலைமுறை பிறப்பதில்லை. ஒவ்வொரு புதிய வகைக்கும் கலப்பாளர் மீண்டும் நைகரிடமும் லிவிடஸிடமும் பால்கன் காட்டுச் செடிகளிடமும் திரும்பியாக வேண்டியுள்ளது. ஆதலால் ஆய்வுக்கூடம் எவ்வளவு வளர்ந்தாலும், தூய சிற்றினங்களைப் பேணிவரும் சிறு நர்சரிகளையும் சேகரிப்பாளர்களையும் இத்தொழில் கைவிட இயலாது.