மறக்கக் கற்றவர்

பட்டால் தெரியும் என்பர் பெரியோர். பட்டும் தெரியாமல், இடறிய கல்லிலேயே மீண்டும் இடறி விழுபவனைக் கண்டு நகைப்பதும் நமக்கு வழக்கம். ஆனால், தோழர்களே, ஆட்சிகளின் வரலாற்றைப் புரட்டும்போது நாம் காணும் காட்சி வேறு. இடறியவர் ஒருவர், விழுந்து மடிந்தவர் வேறொருவர்! அந்த இடத்திலேதான் பிழை பிழைத்துக்கொள்கிறது.

1865இல் ஒரிசாவில் மழை பொய்த்தது. வெளியிலிருந்து அரிசி தருவிக்கலாமா என்று அங்கிருந்த அதிகாரிகள் கேட்டனர். கூடாதென்றது வங்காள வருவாய் வாரியம். விலை ஏறினால் வணிகர் தாமே கொண்டுவருவர், சர்க்கார் குறுக்கிட்டால் கேடே விளையும் — இது அவர்கள் பயின்ற பொருளாதார வேதம். இரயில் இல்லை, நல்ல சாலையும் இல்லை. எந்த வணிகன் எவ்வழியே கொண்டுவருவான்? வேதம் அதைச் சொல்லவில்லை, ஓதியவரும் கேட்கவில்லை. உண்மை உறைத்து, 1866இன் நடுவில் கப்பலேற்ற முனைந்தபோது, பருவக்காற்றுக் கடல்வழியை அடைத்துவிட்டது. மாண்டோர் ஏறத்தாழ 10 இலட்சம். மூவரில் ஒருவர் மறைந்தார் என்பது மதிப்பீடு.

விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் ஜார்ஜ் காம்பெல். நடந்தது அத்தனையும் ஏட்டில் ஏறியது.

ஏட்டில் ஏறியது வீணாகவில்லை என்பதைத்தான் நாம் வியந்து நோக்க வேண்டும். 1873இல் பீகாரில் மழை தவறியபோது, வங்காளத்தின் துணை ஆளுநர் அதே காம்பெல்! இம்முறை எவரும் வணிகனின் வருகைக்காக வழிமேல் விழிவைத்திருக்கவில்லை. வைசிராய் நார்த்புரூக்கின் சர்க்கார் பர்மாவிலிருந்து அரிசியை வாங்கிக் குவித்தது. 1874இல் காம்பெலின் இடத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள் அதனை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார். பட்டினிச் சாவு மிகச் சிலவே. பிழையிலிருந்து பாடம் கற்பது மனிதனால் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பரிசு என்ன கிடைத்தது? ஏச்சு! ஆறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாம். தானியத்தில் ஒரு பகுதி மிஞ்சிவிட்டதாம். மிஞ்சியது மெய்தான், அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், மிஞ்சிய அரிசிக்குக் கணக்குக் கேட்ட இலண்டன், மிஞ்சிய உயிர்களை எந்தப் பேரேட்டில் வரவு வைத்தது? ஊதாரி என்ற பெயர் டெம்பிளின் தலையில் ஏறியது. உயர்பதவியை நாடிய மனிதர் அவர். கற்ற பாடத்தை மறக்கவேண்டும் என்ற இரண்டாவது பாடத்தை விரைவிலேயே கற்றுக்கொண்டார்.

1876இல் தென்னாட்டில் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நடுக்கத்தோடு சொன்னது இதுவே. சென்னை ஆளுநர் பக்கிங்காம் தானியம் வாங்கத் தொடங்கினார். வைசிராய் லிட்டன் கண்டித்தார். 1877 ஜனவரி முதல் நாள், டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக முழங்கிய தர்பார்! அந்த மாதத்திலேயே, சிக்கனம் கற்பிக்கச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் யார்? டெம்பிள்! பீகாரைக் காத்த அதே டெம்பிள்!

நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும், மேலே ஓர் அணாவும் கூலி என்று விதித்தார். சிறைக்கைதி பெறுவதினும் இது குறைவு, இதை உண்டு உழைப்பவன் உடல் தேய்ந்து மடிவான் என்று வாதாடினார் சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். மே மாதம் கூலி உயர்ந்தது. அதற்குள் போனவர் போயினர். இலண்டனில் இந்தியா மந்திரியாக வீற்றிருந்தவர் சால்ஸ்பரி பிரபு. 1866இலும் அப்பதவியில் இருந்தவர். ஒரிசாவை எண்ணி நெஞ்சு உறுத்தியதாகப் பின்னாளில் கூறியவர். உறுத்தல் உறுத்தலாகவே இருந்தது. கொள்கை கொள்கையாகவே இருந்தது. அந்தப் பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேல்.

மடிந்தவன் விதி என்றான். மடியவிட்டவன் சந்தையின் விதி என்றான். இரண்டு விதிகளுக்கும் உள்ள உறவை எண்ணிப் பாருங்கள்!

1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. நல்ல யோசனை அது, ஒப்புக்கொள்கிறோம். விலையேற்றம், ஊர்விட்டு ஊர் அலையும் கூட்டம் போன்ற அறிகுறிகளைப் பதற்றமில்லாத நாளிலேயே எழுதிவைப்பது. கண்டவுடன் செய்யவேண்டியதையும் எழுதிவைப்பது. அதிகாரியின் அச்சமும் ஆசையும் முடிவில் புகாதபடி கட்டிய வேலி. ஆனால், வேலிக்கு ஒரு வாயில் இருந்தது: பஞ்சம் என்று அறிவிக்கும் உரிமை சர்க்காரிடமே இருந்தது.

1943இல் வங்காளத்தில் அந்த வாயில் திறக்கப்படவில்லை. அறிவித்தால், தொகுப்பில் கண்டபடி உணவு தரவேண்டும், ஆகவே அறிவிக்கவில்லை! மாண்டோர் சுமார் 30 இலட்சம் என்பர். அந்த ஆகஸ்டில், கல்கத்தாத் தெருக்களில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த மக்களின் படங்களை வெளியிட்டார் ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டின் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ். அதிகாரிகள் அறியாத செய்தி எதுவும் அப்படங்களில் இல்லை. அறிந்தவர் வாளாவிருக்கிறார் என்பதை மற்றவரும் அறிந்துகொண்டனர், அவ்வளவே. அக்டோபரில் புதிய வைசிராய் வேவல் பதவியேற்ற சில நாட்களில் கல்கத்தா சென்று கண்ணால் கண்டார். படைவீரர்கள் உணவு சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர்.