மேற்குப் பாதையில் மார்கழியும் தையும்

சென்னையின் குளிர்காலம் பெயரளவில் உள்ளது. நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 13.9 டிகிரி செல்சியஸ் 1895 டிசம்பரில் அளக்கப்பட்டது. சாதாரண ஆண்டுகளில் மார்கழி விடியற்காலையில் வெப்பமானி இருபதை ஒட்டி நிற்கும். மப்ளர் கட்டிக்கொள்ள உள்ளூர்வாசிக்கு அதுவே போதும். இருந்தும் வெளியூர்க்காரர்கள் சென்னைக்கு வருவதும், சென்னைக்காரர்கள் ஊர் சுற்றக் கிளம்புவதும் நெடுங்காலமாக டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் அதிகம். இதில் குளிருக்குப் பங்கு குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின் ஏரிகள் நிறைந்திருக்கும், வெயில் தாழ்ந்திருக்கும், வழி உலர்ந்திருக்கும். தையில் சம்பா அறுவடை கைக்கு வந்துவிடும். இவற்றோடு ஆங்கிலேயர் காலத்தில் கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் விடப்பட்ட கிறிஸ்துமஸ் விடுமுறையும் சேர்ந்துகொண்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நகரின் மேற்கே விரியும் பகுதியின் பனிக்காலப் பயணங்களுக்கு மழை, அறுவடை, விடுமுறை ஆகிய மூன்றுமே காரணம்.

முதலில் வந்தவர்கள் கோயிலுக்கு வந்தவர்கள். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பல இந்தப் பக்கத்தில் நெருக்கமாக அமைந்துள்ளன. பாடியில் உள்ள திருவலிதாயத்தையும் திருவேற்காட்டையும் சம்பந்தர் பாடினார். திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடினார். தொண்டைமான் மன்னனின் யானைக் கால்கள் முல்லைக்கொடியில் சிக்கியதும், கொடியை வெட்டிய வாள் லிங்கத்தில் பட்டதும் திருமுல்லைவாயில் தலபுராணம். குறும்பரை வென்று அவன் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் சன்னதியின் முன்னே நிற்கின்றன. வழக்கத்துக்கு மாறாக நந்தி வெளிப்புறம் பார்த்திருப்பது, முதல்முறை வருபவர் கண்ணில் உடனே படும்.

வைணவர்களுக்கு இந்த மேற்குப் பகுதி இன்னும் முக்கியமானது; அவர்களுடைய நாட்காட்டியும் பனிக்காலத்தோடு அதிகம் பொருந்துகிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. விடியலுக்கு முன்பே சொர்க்கவாசல் திறக்கும் என்பதால் முந்திய இரவே வந்து காத்திருப்பது வழக்கம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாள் கோயில் அப்படிக் கூட்டம் சேரும் இடங்களில் ஒன்று. தையில் மகம் திருமழிசை ஆழ்வாரின் பிறந்த நட்சத்திரம். பூந்தமல்லியை அடுத்த திருமழிசை அவர் பிறந்த ஊர் என்பதால் உற்சவம் அங்கே நடக்கிறது. பூந்தமல்லியோ திருக்கச்சி நம்பிகளின் ஊர். காஞ்சி வரதராஜருக்குப் பூந்தொண்டும் ஆலவட்டக் கைங்கரியமும் செய்தவர், இராமானுசர் குருவாக மதித்தவர் என்று குருபரம்பரை அவரைப் பேசுகிறது. அவர் நட்சத்திரம் மாசியில் வருவதால், ஏகாதசியில் தொடங்கும் வைணவர்களின் பயணப் பருவம் இந்தப் பக்கத்தில் மாசிவரை நீள்கிறது.

திருநின்றவூரில் சைவர்களுக்கும் ஓர் ஈர்ப்பு உண்டு. கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடி, நாள் குறித்து, கோயில் கட்டிக் குடமுழுக்கும் செய்த பூசலார் நாயனாரின் ஊர் இது. அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் வைத்திருந்த குடமுழுக்கைத் தள்ளிவைக்கும்படி இறைவன் கனவில் சொன்னதாகப் பெரிய புராணம் கூறுகிறது. அந்த மன்னன் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்மன் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ரயில் வரும்வரை இந்தப் பயணங்கள் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் நடந்தன. வண்டி கட்டிப் போவோருக்கு ஒரு தலம் ஒரு நாள் கணக்கு. 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது அந்தக் கணக்கு மாறியது. ஆர்க்காட்டுப் படைத்தளத்தையும் மேற்குக் கடற்கரையையும் மனத்தில் வைத்துப் போடப்பட்ட பாதை அது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், திருவாலங்காடு என்று அது கடந்துசென்ற ஊர்களின் வரிசையைப் பார்த்தால், யாத்திரிகர்களுக்காகவே திட்டமிட்டதுபோல் தோன்றும். பூந்தமல்லியும் திருமழிசையும் மட்டும் தெற்கே ஒதுங்கி, பெங்களூருக்குப் போகும் பெரிய சாலையை நம்பியே நின்றன. நெடுங்காலம் அவை பேருந்து ஊர்களாகவே இருந்ததற்கு அந்தப் பழைய தடப் பிரிவு ஒரு காரணம்.

ரயிலால் அதிகம் பயனடைந்தது திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் சாலிஹோத்திர முனிவருக்குக் காட்சி கொடுத்தது தை அமாவாசை அன்று என்பது அந்தத் தலத்தின் ஐதீகம். எல்லா அமாவாசைக்கும் அங்கே கூட்டம் உண்டு. தை அமாவாசைக்கு அது பல மடங்காகும். பாவம் தீர்ப்பதாகச் சொல்லப்படும் ஹிருத்தாபநாசினிக் குளத்தில் மூழ்கி, நோய் தீர வேண்டி வெல்லத்தை நீரில் கரைப்பது அங்கே நேர்த்திக்கடன். சென்னையிலிருந்து அதிகாலை வண்டியில் போய், நீராடி, முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்ற வசதியை ரயிலே கொடுத்தது. அதற்கும் மேற்கே திருவாலங்காடு, நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. காளியோடு போட்டியிட்டு இறைவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிய ஊர்த்துவ தாண்டவத் தலம்; காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர். மார்கழித் திருவாதிரையன்று ஆருத்ரா தரிசனத்துக்கு அங்கே போகச் சென்னையர்க்கு இதே பாதைதான்.

பழைய நாட்காட்டியும் ஆங்கிலேயரின் விடுமுறை நாட்காட்டியும் நேருக்கு நேர் மோதிய இடம், அரக்கோணத்தில் பிரிந்து வடக்கே போகும் கிளையில் உள்ள திருத்தணி. அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் ஜனவரி முதல் தேதி காலையில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் போய்ச் சலாம் வைப்பது அக்காலத்தில் எழுதாத விதி. இதைக் கண்டு மனம் வருந்திய வள்ளிமலைத் திருப்புகழ் சச்சிதானந்த சுவாமிகள், அந்த முதல் வணக்கத்தைத் தணிகை முருகனுக்குச் செலுத்தலாமே என்று அன்பர்களை அழைத்தார். 1910-களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த ஏற்பாடு, டிசம்பர் 31 இரவில் மலையடிவாரத்தில் கூடி, ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகளிலும் சூடம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும் திருப்படித் திருவிழாவாக வளர்ந்தது. எந்தப் புராணத்திலும் இல்லாத, முழுக்க இருபதாம் நூற்றாண்டு விழா இது. ஆங்கிலப் புத்தாண்டை மறுக்காமல், அந்த நாளில் செலுத்தும் வணக்கம் யாருக்கு என்பதை மட்டும் மாற்றியது அவருடைய சாமர்த்தியம். துரைமார் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் விழா தொடர்கிறது. புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் தமிழ்நாட்டுக் கோயில்களைத் திறந்து வைக்கும் வழக்கத்தை ஆகம விரோதம் என்று குறை சொல்வோரும் திருத்தணிப் படியைக் குறை சொல்வது அரிது.

நகருக்குள் இதே விடுமுறை வேறு வகையில் கழிந்தது. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க்கில் ஆண்டிறுதிச் சந்தை நடந்தது. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே மூண்ட தீயில் ஏராளமானோர் இறந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை முதன்முறையாகச் சென்னையில் கூடியது. 1894, 1898, 1903, 1908, 1914, 1927 என்று அடுத்து வந்த சென்னைக் கூட்டங்களும் டிசம்பரில்தான் நடந்தன. பிரதிநிதிகளில் வக்கீல்கள் அதிகம். கோர்ட்டு மூடியிருக்கும்போதுதான் அவர்களால் வர முடியும். 1927 கூட்டத்தோடு சேர்த்து நடத்தப்பட்ட இசை மாநாட்டிலிருந்து மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. இன்று உலகெங்கும் உள்ள தமிழரைச் சென்னைக்கு இழுக்கும் டிசம்பர் சீசனுக்கு, வக்கீல்களின் கிறிஸ்துமஸ் லீவுதான் முகூர்த்தம் குறித்தது என்று சொன்னால் மிகையாகாது.

காங்கிரசின் அந்தக் கூட்டம் மேற்குப் புறநகருக்கு வந்தது 1955 ஜனவரியில். யு. என். தேபர் தலைமையில் அறுபதாவது காங்கிரஸ் ஆவடியில் கூடியது. இரண்டாம் உலகப் போரின்போது படைக் கிடங்குகள் எழுந்த ஆவடியில் திறந்த வெளிக்குக் குறைவில்லை; ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருந்தது. மாநாட்டுக்கென்று எழுப்பிய பந்தல் நகருக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். காமராசர் முதலமைச்சராகி ஓராண்டு நிறையாத நேரம். சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் இங்கே நிறைவேறியதால் ஆவடி என்ற பெயர் இந்திய அரசியல் புத்தகங்களில் ஏறியது. அதற்கு முன் அந்தப் பெயரை மாகாணத்துக்கு வெளியே படைக்காரர்களைத் தவிர அதிகம் பேர் கேட்டிருக்க மாட்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1965-இல், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது.

மேற்கே கூட்டம் திரண்ட அடுத்த பனிக்காலம் 1968. ஜனவரி முதல் வாரத்தில் நகரில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. அதே மாதத்தில், அம்பத்தூருக்குக் கிழக்கே நடுவக்கரை, முல்லம் கிராமங்களின் வயல்வெளியில் உலக வர்த்தகப் பொருட்காட்சி.  அதற்காகக் கட்டப்பட்ட 135 அடி உயர விசுவேசுவரய்யா கோபுரம்தான் இன்று அண்ணா நகர் டவர். பொருட்காட்சி முடிந்த நிலத்தில் வீட்டு வசதி வாரியம் அமைத்த குடியிருப்புக்கு அண்ணாவின் பெயர் வந்தது. சுருள் பாதையில் ஏறி உச்சியிலிருந்து ஊரைப் பார்ப்பது இரண்டு தலைமுறைக் குழந்தைகளின் விடுமுறை வேடிக்கை. இடையில் பல ஆண்டுகள் மேலே ஏறத் தடை இருந்தது. 2023-இல் மீண்டும் திறந்துவிட்டார்கள்.

இதற்கிடையே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும், 1960-களில் தொழிற்பேட்டையும் வந்தபின், பார்க்க வரும் ஊராக இருந்த மேற்குப் புறநகர் பிழைக்க வரும் ஊரானது. அதன் பனிக்காலப் போக்குவரத்தும் பாதி திசை திரும்பியது. பொங்கலுக்கு முந்திய நாட்களில் இங்கிருந்து வெளியேறுபவர்களே அதிகம். வேலூர், காஞ்சிபுரம் பக்கம் போகும் சிறப்புப் பேருந்துகள் பூந்தமல்லியிலிருந்து புறப்படுவது பல ஆண்டுகள் செய்தித்தாளில் வந்த அறிவிப்பு. ஊருக்குப் போகாமல் தங்கியவர்களுக்குக் காணும் பொங்கல் இருந்தது.

காணும் பொங்கலன்று மெரினாவுக்கும் வண்டலூருக்கும் போவது நகரத்தார் வழக்கம். மேற்கே இருப்பவர்களுக்கு ஏரிக்கரைதான் கடற்கரை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, கரும்புக் கட்டோடு குடும்பமாகச் செம்பரம்பாக்கத்துக்குப் போவார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பூண்டிவரை போவார்கள். செம்பரம்பாக்கம், உபரி நீர் அடையாற்றில் சேரும் பழைய பாசன ஏரி; முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கொசத்தலையாற்றின் குறுக்கே முடிக்கப்பட்டது. மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி அதைப் பார்க்காமலே 1943-இல் காலமானார்; நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்குகிறது. மதகு திறந்து தண்ணீர் சீறிப் பாய்வதைப் பார்ப்பதே இந்தப் பயணங்களின் முக்கிய வேடிக்கை. நல்ல மழை பெய்த ஆண்டில் தை பிறந்த பின்னும் கலங்கல் வழியும். மழை பொய்த்த ஆண்டில் ஏரிக்குள்ளேயே கிரிக்கெட் நடக்கும். 2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரையெங்கும் வெள்ளம் புகுந்தது. அதன்பின் அந்த ஏரியைச் சென்னைவாசிகள் வேடிக்கைக் கண்ணோடு மட்டும் பார்ப்பதில்லை. நீர்மட்டம் உயர்ந்தால் முதலில் அடி கணக்கைக் கேட்கிறார்கள்.

இரண்டாயிரங்களில் செம்பரம்பாக்கத்தை ஒட்டிய பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் குயின்ஸ்லேண்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்கள் வந்தன. கட்டுச்சோற்றுக் கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே நகர்ந்தது. பள்ளிகள் அரையாண்டு விடுமுறையை ஒட்டிப் பிள்ளைகளை அழைத்துவருவது அவற்றுக்கு நல்ல வியாபாரம்.

ஏரிகளைத் தேடி வரும் இன்னொரு வகைப் பயணியும் இப்போது கூடியிருக்கிறார்: கையில் தொலைநோக்கியோடு வரும் பறவை பார்ப்பவர். குளிர்காலம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தெரிந்து சென்னைக்கு வருபவை வடக்கிலிருந்து வரும் பறவைகள்தான். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நவம்பருக்குப் பின் சென்னை வட்டார நீர்நிலைகளில் இறங்கி, வெயில் ஏறுமுன் திரும்புகின்றன. உள்ளூர்க் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் நாமக்கோழியும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. கொரட்டூர், அம்பத்தூர், அயனம்பாக்கம் ஏரிகள் ஒரு பக்கம் வீடுகளாலும் மறுபக்கம் கழிவுநீராலும் சுருங்கிவந்தபோதும், மார்கழிக் காலையில் அவற்றின் கரையில் ஒரு மணி நேரம் நின்றால் குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிரம்பும். கொரட்டூர் ஏரியைக் காக்க அந்தப் பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதற்கு, குடிநீர்க் கவலையோடு இந்தப் பறவைகளும் ஒரு காரணம். ஆவடி மாநகராட்சியான 2019-ஆம் ஆண்டில் பருத்திப்பட்டு ஏரி நடைபாதையும் படகும் கொண்ட பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆவடி நிலையத்திலிருந்து அங்கே ஷேர் ஆட்டோவில் போய்விடலாம்.