படைப்புழுவின் கலத்தில் ஓர் ஓமோன் ஆளி

2018 இல் படைப்புழு இலங்கைக்குள் நுழைந்தபோது சோளச் செய்கையாளர்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. மீளக்குடியேறி, கடன்பட்டு விதைத்தவர்களுக்கு அது இன்னோர் இடி. அந்தப் புழுவைத் திட்டித் தீர்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதே இனத்தின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து பெறப்பட்ட எஸ்.எஃப்.9 என்ற கலங்கள் ஆய்வுகூடங்களில் மருந்துப் புரதங்களை ஆக்குகின்றன. நோவாவக்ஸ் கொவிட் தடுப்பூசியின் புரதமும் அக்கலங்களில் உருவானதுதான்.

வழமையான முறையில், வேண்டிய பரம்பரையலகை (மரபணுவை) ஒரு பூச்சி வைரசு கலத்துக்குள் கொண்டுசெல்லும். சில நாட்களில் அந்த வைரசே கலத்தைக் கொன்றுவிடும். பரம்பரையலகைக் கலத்தின் டி.என்.ஏ.யிலேயே நிரந்தரமாகப் பதிக்கலாம். அப்போது வேறு சிக்கல்: அந்நியப் புரதம் ஓயாமல் சுரந்தால் கலம் நலிந்து பெருகாமற் போகலாம். முதலில் கலங்கள் பெருக வேண்டும், பிறகே உற்பத்தி தொடங்க வேண்டும். அதற்கு ஓர் ஆளி தேவை.

பூச்சியிடமே அது இருக்கிறது. தோல் கழற்றவும் உருமாறவும் கட்டளையிடும் எக்டைசோன் என்ற ஓமோனே அது. 1954 இல் ஜேர்மனியில் புட்டனன்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்கு மலைப்பு. 1960 இல் கிளெவரும் கார்ல்சனும் அதை ஒருவகைக் கொசுவின உயிரியின் குடம்பிக்குள் செலுத்தியபோது, நிறமூர்த்தங்களில் குறிப்பிட்ட இடங்கள் உப்பின. ஓமோன் நேரே பரம்பரையலகைத் தூண்டுகிறது என்பதற்கு அது முக்கிய சான்றாயிற்று.

ஓமோனின் வாங்கிப் புரதம் இன்னொரு புரதத்தோடு சோடி சேர்ந்து டி.என்.ஏ.யின் ஒரு குறுகிய தொடரில் ஒட்டும். ஓமோன் இல்லாதபோது பரம்பரையலகை அடக்கி வைக்கும். ஓமோன் வந்ததும் இயக்கும். பழ ஈயின் எச்.எஸ்.பி.27 பரம்பரையலகின் முன்னால் அத்தகைய தொடர் இருக்கிறது. அதை எடுத்து அந்நியப் பரம்பரையலகின் முன் பொருத்தினால் போதும். ஊடகத்தில் ஓமோனைச் சேர்த்த பின்பே புரதம் பெருகும்.

ஆனால் இது வெறும் ஆளி அல்ல. பழ ஈயின் கே.சி. கலங்களுக்கு ஓமோனைக் கொடுத்தால் அவை பிரிவதை நிறுத்தி நீண்டு உருமாறுகின்றன. உற்பத்தியைத் தொடங்கும் அதே கட்டளை கலத்தின் வாழ்வையும் மாற்றிவிடுகிறது.

தோட்டத்திலும் இந்த வாங்கிக்கு வேலை உண்டு. டெபுபெனோசைட் என்ற பூச்சிநாசினி அதில் ஒட்டி, காலத்துக்கு முன்பே தோல் கழற்றச் செய்து புழுவைக் கொல்கிறது. நம் வேலியோரத்து நாயுருவியிலும் எக்டைசோன் வகைப் பொருள் உண்டு. அதை அரைத்துத் தெளித்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஆனால் படைப்புழுவின் நெருங்கிய உறவுப் புழுக்கள், உணவோடு போகும் அந்த ஓமோனை உருமாற்றி எச்சத்தோடு வெளியேற்றிவிடுகின்றன.